நாலு டயருக்கு நாலு பூச்சு

களியக்காவிளையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். காருக்கு நாலு டயரும் புதிதாக மாற்றியிருக்கிறார். தினமும் திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்துக்கு வேலைக்குப் போய் வருகிறார், பகல் முழுக்கக் கார் திறந்த வெளியில் நிற்கிறது. வாட்டர் சர்வீஸ் கடையில், "டயருக்கு ஒரு கோட்டிங் இருக்கு, அடிச்சா வெடிப்பே வராது, ரெண்டு வருஷம் கூடுதலா ஓடும்" என்று சொல்லி 2,500 ரூபாய் கேட்டார்களாம். அடிக்கலாமா, இல்லை ஏமாற்று வேலையா என்பது கேள்வி.

ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அப்படி ஒரு பொருள் உண்மையிலேயே இருக்கிறது, அது வேலையும் செய்யும். ஆனால் அது செய்கிற வேலை ஒன்று, கடைக்காரர் சொல்கிற வேலை இன்னொன்று. அழகுக்கு என்றால் அடியுங்கள். ஆயுளுக்கு என்றால் வேண்டாம். இவ்வளவு போதும் என்றால் நீங்கள் கிளம்பலாம். ஏன் என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் உட்காருங்கள், ரப்பர் விஷயம் என்றால் எனக்கு வாய் நிற்காது.

முதலில் உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். களியக்காவிளை கழக்கூட்டம் போக வர 90 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வரும். மாதம் 22 நாள் என்றால் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர், வருஷத்துக்கு 24,000. சாதாரணக் கார் டயர் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் நாற்பது, ஐம்பதாயிரம் ஓடும். அதாவது இரண்டு வருஷத்தில் உங்கள் டயர் பட்டன் தேய்ந்தே மாற்ற வேண்டி வரும். சைடுவாலில், அதாவது டயரின் பக்கவாட்டில், வெடிப்பு விழும் அளவுக்கு அதற்கு வயதே ஆகியிருக்காது. கோட்டிங் அடிப்பது சைடுவாலில். தேய்வது ரோட்டில் படுகிற பட்டன். தேய்கிற இடத்தைத் தொடாத பூச்சு எப்படி இரண்டு வருஷம் கூட்டித் தரும்?

இதை நான் எந்தத் தைரியத்தில் சொல்கிறேன் என்றால், குலசேகரம் பக்கம் எங்களுக்கு எண்பது சென்ட் ரப்பர் உண்டு. பள்ளிக்கூடம் போகும் முன்னால் சிரட்டையில் விழுந்த பாலை எடுத்து வந்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, மெஷினில் இட்டு ஷீட் அடித்து வளர்ந்தவன். பிற்பாடு பதினெட்டு வருஷம் மார்த்தாண்டத்தில் தேய்ந்த லாரி, பஸ் டயருக்குப் புதுப் பட்டன் ஒட்டும் ரீட்ரேடிங் பட்டறையில் இருந்தேன். பச்சை ரப்பரில் தொடங்கி, செத்த டயர் வரைக்கும் கையால் தடவிப் பார்த்த அனுபவம்.

ஷீட்டை நிழலில் தண்ணீர் வடியவிட்டு, அப்புறம் புகைப்புரையில் ஏற்றுவதுதான் வழக்கம். சின்ன வயதில் ஒருமுறை நாலைந்து ஷீட்டை மதில் மேல் வெயிலில் போட்டுவிட்டு, மறந்து, ஒரு கல்யாணத்துக்காக ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டோம். திரும்பி வந்து எடுத்தால் விரல் ஒட்டிக்கொண்டது. மேல்பக்கம் வெல்லப்பாகு மாதிரி பிசுபிசுப்பு. வியாபாரி அதைக் கழிவு ரப்பரான ஒட்டுப்பால் விலைக்குத்தான் எடுத்தார். வெறும் ரப்பர் வெயிலுக்கு அந்த அளவுக்குத்தான் தாங்கும்.

அதே ரப்பரில் செய்த டயர் மட்டும் வருஷக்கணக்கில் வெயிலில் கிடந்து எப்படித் தாங்குகிறது? கந்தகம் சேர்த்து வேகவைப்பது ஒரு காரணம். இன்னொன்று அந்தக் கறுப்பு நிறம். மிஷலின் கம்பெனியின் டயர் மனிதன் பொம்மையைப் பார்த்திருப்பீர்கள். 1898இல் வந்த பொம்மை அது. டயரை அடுக்கிச் செய்த ஆள் ஏன் வெள்ளையாக இருக்கிறான் என்று யோசித்ததுண்டா? அன்றைக்கு டயரே வெளுத்த நிறத்தில்தான் வந்தது. ரப்பரில் கார்பன் பிளாக் என்கிற நுண்ணிய கரித்தூளைச் சேர்க்கத் தொடங்கிய பிறகுதான் டயர் கறுத்தது. அந்தக் கரி ரப்பருக்கு உறுதியும் தரும், வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு ரப்பரைக் காப்பாற்றவும் செய்யும். ஆக, வெயிலுக்கு எதிரான முதல் பூச்சு ஏற்கெனவே டயருக்கு உள்ளேயே, மேலிருந்து அடிவரைக்கும் கலந்திருக்கிறது.

வெடிப்பு என்று வரும்போது வெயிலைவிடப் பெரிய வில்லன் ஓசோன். காற்றில் மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும், ஆனால் இழுபட்டு நிற்கிற ரப்பரை அது விடவே விடாது. வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பலகையில் இரண்டு ஆணி அடித்து, ஒரு ரப்பர் பேண்டை நன்றாக இழுத்து மாட்டி மாடி வராந்தாவில் வையுங்கள். பக்கத்திலேயே இன்னொன்றைச் சும்மா போட்டு வையுங்கள். சில வாரத்தில் இழுத்து மாட்டியதில் இழுப்புக்குக் குறுக்குக் குறுக்காக, மயிரிழை மாதிரி வெடிப்பு விழும், கடைசியில் அறுந்தும் போகும். சும்மா கிடந்தது அவ்வளவு கெட்டிருக்காது. டயரின் சைடுவால் எப்போதும் காற்றின் அழுத்தத்தில் இழுபட்டே நிற்கிறது. அதனால்தான் வெடிப்பு அங்கே வருகிறது.

இதற்கும் டயர் செய்கிறவர்கள் உள்ளேயே மருந்து வைத்திருக்கிறார்கள். ஒன்று மெழுகு. அது மெல்ல மெல்ல மேலே கசிந்து வந்து ஒரு படலமாக நிற்கும். இன்னொன்று ஓசோனைத் தடுக்கும் ரசாயனம். 6பிபிடி என்று சுருக்கமாகச் சொல்வது அதில் முக்கியமானது. அதுவும் உள்ளிருந்து மேலே வந்து, ரப்பருக்கு முன்னால் தான் போய் ஓசோனிடம் அடி வாங்கும். அடி வாங்கியதும் பழுப்பாகிவிடும். உங்கள் டயர் ஓரம் கொஞ்ச நாளில் செம்பழுப்பாக மாறுவதைப் பார்த்து, ஐயோ டயர் கெட்டுப்போச்சு என்று நினைக்கிறோமே, உண்மையில் அது காவல்காரன் வேலை செய்துகொண்டிருக்கிறான் என்பதற்கு அடையாளம். கோட்டிங் கடைக்காரர்கள் முதலில் விரல் வைத்துக் காட்டுவது இந்தப் பழுப்பைத்தான்!

(அந்தக் காவல்காரனுக்கு இன்னொரு முகமும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மழை பெய்தால் ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் செத்து மிதந்தன. 6பிபிடி ஓசோனோடு சேர்ந்து உண்டாகும் ஒரு பொருள், டயர் துகள்களில் இருந்து மழைநீரோடு கலந்துதான் அவற்றைக் கொல்கிறது என்று 2020 கடைசியில் கண்டுபிடித்தார்கள். அதைப் படித்த நாளில் இருந்து டயர் தேய்த்த தண்ணீரைக் குழித்துறை ஆற்றுப் பக்கம் போகிற ஓடையில் விடுவதை நிறுத்திவிட்டேன்.)

சரி, விற்கிற சரக்குக்கு வருவோம். "டயர் கோட்டிங்" என்று சொல்லி மூன்று வெவ்வேறு பொருளை விற்கிறார்கள், உங்களிடம் சொன்னது இதில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் வகை, கரைப்பானில் சிலிக்கோன் எண்ணெயைக் கலந்தது. திறந்தால் மண்ணெண்ணெய் மாதிரி வாடை அடிக்கும், கண்ணாடியாக மின்னும். இரண்டாவது தண்ணீரில் கலந்தது, பார்த்தால் நம்முடைய ரப்பர் பால் மாதிரியே வெள்ளையாக இருக்கும். இவை இரண்டும் கோட்டிங்கே இல்லை, தலைக்கு எண்ணெய் தேய்ப்பது மாதிரிதான். மூன்றாவதுதான் பெயருக்கு ஏற்ற கோட்டிங். அக்ரிலிக், பாலிமர், செராமிக் என்று பல பெயரில் வருகிறது, பூசினால் காய்ந்து இறுகி ஒரு தோலாக ஒட்டிக்கொள்ளும். 2,500 ரூபாய் கொடுத்து முதல் வகையை அடித்துக்கொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். அதுதான் ஏமாற்று.

காரின் பெயிண்டுக்கு அடிக்கிற செராமிக்கையே டயருக்கும் இழுத்துவிடுகிற கடைகளும் உண்டு. பெயிண்டுக்கு அடியில் இருப்பது தகடு, அது மடங்காது. டயர் அப்படியா? சின்னக் கார் டயரின் சுற்றளவு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நிமிடத்துக்கு ஐந்நூறு தடவைக்கு மேல் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் சைடுவாலின் ஒவ்வொரு இடமும் ரோட்டுப் பக்கம் வரும்போது பிதுங்கி, மேலே போகும்போது நிமிரும். கண்ணாடி மாதிரி இறுகுகிற பூச்சு அந்த மடிப்பில் பொடியாக உதிர்ந்துவிடும். டயருக்கென்று வளைந்துகொடுக்கும்படி செய்ததாக இருந்தால் மட்டும் பேசலாம்.

இனி நான் செய்து பார்த்தது. என் மகன் ஒரு கோட்டிங் கிட் வாங்கி வந்து, "அப்பா, இதை அடிச்சா டயர் புதுசு மாதிரியே இருக்குமாம்" என்றான். சரி மக்கா, இருக்கா இல்லையா என்று பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். வீட்டில் வெள்ளைக் கார், டயருக்கு இரண்டு வயது, நாலும் ஒரே கம்பெனி, ஒரே வாரத்தில் செய்தவை. போன வருஷம் சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் முடிந்த அடுத்த ஞாயிறு தொடங்கினேன். அந்த நாள்களில்தான் எங்கள் பக்கம் மழை தொந்தரவு இருக்காது.

முன் இடது டயரைத் தேய்த்துக் கழுவியதோடு விட்டேன், எதுவும் அடிக்கவில்லை. முன் வலதுக்கு மண்ணெண்ணெய் வாடைச் சரக்கு. பின் இடதுக்குப் பால் மாதிரி இருப்பது. பின் வலதுக்கு மகன் வாங்கிய கோட்டிங், இரண்டு கோட். தேதியை எல்லாம் பால் கணக்கு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்தேன்.

தேய்ப்பதுதான் பெரிய வேலை, பூசுவது சும்மா. சோப்புத் தண்ணீர் போதவில்லை. டயர் கிளீனர் அடித்து, நைலான் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். முதல் தடவை வந்த நுரை கட்டன் சாயா நிறம். கழுவி மறுபடி தேய்த்தால் பால் சாயா. மூன்றாம் தடவை கொஞ்சம் வெளுத்தது. எழுத்துகளின் பள்ளத்திலும் ரிம்மை ஒட்டிய ஓரத்திலும் மட்டும் பழுப்பு விடுவதாக இல்லை, பழைய பல் பிரஷ் எடுத்து உட்கார்ந்தேன். ஐந்தாவது தடவைதான் நுரை வெள்ளையாகவே வந்தது. என் மனைவி அதுவரை படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், "இதே மாதிரி ஒரு நாள் பாத்ரூமையும் தேச்சா என்னவாம்" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். ஒரு டயருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடையில் பத்து நிமிடத்தில் நாலு டயரும் கோட்டிங் அடித்துத் தருகிறார்கள் என்றால் அடியில் என்ன இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்தப் பழுப்பின் மேல் பூசினால் பூச்சு பழுப்பில்தான் ஒட்டும், ரப்பரில் ஒட்டாது. புது டயர் என்றால் அச்சில் இருந்து கழன்று வருவதற்காக அடித்த வழுவழுப்பு மேலே இருக்கும், அதுவும் போக வேண்டும். உங்களுடையது போன வாரம் மாற்றியது என்பதால் இது உங்களுக்கு மிகவும் பொருந்தும்.

காய்ந்த பிறகு கோட்டிங்கை ஸ்பாஞ்சில் நாலு சொட்டு விட்டு, மெல்லிசாக, வட்டமாகத் தேய்த்தேன். முதல் கோட் முடிந்து ஒரு மணி நேரம், பிறகு இரண்டாவது. அன்றைக்கு ராத்திரி முழுவதும் காரை எடுக்கவில்லை.

முதல் நாள் பார்த்தவர்கள் எல்லோரும் முன் வலது டயரைத்தான் மெச்சினார்கள். முகம் தெரிகிற மாதிரி மின்னியது. மறுநாள் நாகர்கோவில் போய் வந்து பார்த்தால், மட்கார்டு ஓரத்திலும் கதவின் அடிப்பக்கத்திலும் கறுப்புப் புள்ளி, பேனாவை உதறிய மாதிரி. டயரில் மிச்சம் இருந்த எண்ணெய் எங்கள் வீட்டுச் செம்மண் பாதைப் புழுதியை எல்லாம் இழுத்துக்கொண்டு மூன்றாம் நாளே செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. இரண்டு கழுவலில் போயும் போயிற்று. இதை இனிமேல் கையால் தொட மாட்டேன்.

பால் மாதிரிச் சரக்கு பரவாயில்லை. மின்னாமல் ஒரு அடக்கமான கறுப்பு, தெறிக்கவும் இல்லை. மூன்று வாரம் நின்றது. பங்குனியில் ஒரு கோடை மழை கொட்டியது, அதோடு சரி.

கோட்டிங் அடித்த பின் வலது டயரைப் பற்றி நான் நினைத்ததைவிட நல்லதாகவே சொல்ல வேண்டும். மின்னவே இல்லை, கடையில் இருந்து இறக்கிய புது டயர் மாதிரி ஒரு கறுப்பு. சேறு பட்டால் ஹோஸ் தண்ணீரிலேயே வழிந்து போயிற்று, பிரஷ் எடுக்க வேண்டி வரவில்லை. ஜூனில் தொடங்கிய மழை முழுக்கத் தாங்கியது. ஆடி பிறந்த பிறகுதான் பட்டனை ஒட்டிய தோள்பட்டையில், அதிகமாக மடங்குகிற இடத்தில், திட்டுத் திட்டாக வெளுக்கத் தொடங்கியது. மார்த்தாண்டத்தில் நடைபாதைக் கல்லில் ஒருமுறை உரசினேன், அந்த இடத்தில் சுத்தமாகப் போய்விட்டது. மேலே தொட்டுத் தொட்டு ஒட்டுப்போட்டால் ஒட்டுப்போட்ட இடம் தனியாகத் தெரிந்தது. ஓணத்துக்குப் பார்க்கும்போது ரிம் பக்கம் மட்டும் இன்னமும் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. பழுப்பும் எட்டிப் பார்த்திருந்தது, மற்ற டயர்களைவிட தாமதமாக.

எதுவும் அடிக்காத முன் இடது டயர்? தேய்த்துக் கழுவிய ஒரு மாதம் வரைக்கும் அதையும் பின் இடதையும் யாருக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியவில்லை. எதிர்வீட்டு அண்ணன், வாகன புரோக்கர், டயர் பார்த்தே வண்டி விலை சொல்கிறவர், அவரே தப்பாகச் சொன்னார். அழகில் பாதிக்கு மேல் தேய்த்ததில் வந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

இனி முக்கியமான விஷயம். அந்த ஆறு மாதத்தில் நாலு டயரிலும் வெடிப்பு இல்லை. எதுவும் அடிக்காததிலும் இல்லை. அதனால் கோட்டிங் வெடிப்பைத் தடுத்தது என்றும் என்னால் சொல்ல முடியாது, தடுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. "எங்க கஸ்டமர் ஒருத்தர் அடிச்சு ஒரு வருஷம் ஆச்சு, ஒரு வெடிப்பு இல்ல" என்று கடைக்காரர் சொன்னால், ஒரு வருஷத்தில் அடிக்காத டயரிலும் வெடிப்பு வராது என்று பதில் சொல்லுங்கள்.

வெடித்த சைடுவால்களை நான் பட்டறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். ரீட்ரேடிங்கில் முதல் வேலையே அதுதான். பழைய பட்டனைச் சீவுவதற்கு முன்னால், கேசிங்கை, அதாவது டயரின் உடம்பை, ஸ்டாண்டில் மாட்டிச் சுற்றிச் சுற்றி, வெளிச்சம் அடித்து, விரலால் அழுத்தி விரித்துப் பார்ப்போம். மேல்தோலில் மட்டும் சிலந்தி வலை மாதிரி இருந்தால் ஓட்டலாம். விரித்தால் உள்ளே நூல் தெரிகிறது என்றால் ஓரமாகப் போட்டுவிட வேண்டியதுதான். அதில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். தினமும் ஓடிய பஸ் டயர் தேய்ந்து வரும், ஆனால் சைடுவால் நன்றாக இருக்கும். போலீஸ் கேஸில் மாட்டி வருஷக்கணக்கில் நின்றுபோன லாரி டயர் பட்டன் அப்படியே இருக்கும், சைடுவால் வறண்ட குளத்து மண் மாதிரி இருக்கும். ஓடுகிற டயர் மடங்கி நிமிரும்போது உள்ளே இருக்கிற மெழுகும் மருந்தும் மேலே வந்துகொண்டே இருக்கும். நிற்கிற டயருக்கு அந்த ஓட்டம் குறைவு, பாரமும் ஒரே இடத்தில்.

எங்கள் பக்கம் இது வீட்டுக்கு வீடு உள்ள கதை. ஆள் கல்ஃபில் இருப்பார், கார் முற்றத்தில் பலா மரத்தடியில் பதினொரு மாதம் கிடக்கும். லீவுக்கு வந்ததும் அதை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் ஓட்டம். பட்டன் பார்த்தால் புதுசு, தைரியமாக நூறில் போவார்கள். அந்த டயரைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன். அந்தக் காருக்கு ஒரு கோட்டிங் கொஞ்சம் உதவக்கூடும், இல்லை என்று சொல்லவில்லை. அதைவிட ஒரு ஷெட், காற்று முழுசாகப் பிடித்து வைப்பது, மாதம் இரண்டு முறை யாராவது எடுத்து குழித்துறை வரை ஓட்டிவிட்டு வருவது, இவை அதிகம் உதவும்.

எங்கே அடிக்கக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன், இதில் விளையாட்டே கிடையாது. பட்டனில் ஒரு சொட்டு படக்கூடாது. ஸ்ப்ரே என்றால் நேராக டயரில் அடிக்காமல் ஸ்பாஞ்சில் அடித்துத் தேய்க்க வேண்டும். அலாய் வீல் இடுக்கு வழியாகப் பிரேக் டிஸ்க்கில் தெறித்தால் முதல் பிரேக்கில் வண்டி நிற்காது. பைக்குக்கு, ஸ்கூட்டருக்கு வேண்டவே வேண்டாம். வளைவில் சாயும்போது அந்த ஓரம்தான் ரோட்டில் படும். எங்கள் பக்கத்து மழையில், ரப்பர் தோட்ட வளைவுகளில் அதை நினைத்தாலே பகீர் என்கிறது.

கரி ஆயில், டீசல், மண்ணெண்ணெய் இவற்றைத் துணியில் நனைத்துத் துடைத்து டயரைக் கறுப்பாக்குவது லாரிக்காரர்களின் பழைய வித்தை. விற்பதற்கு முந்தின நாள் செய்வார்கள். ஒரு ரப்பர் பேண்டை ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் போட்டு வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். ஊதிப் பெருத்து, இழுத்தால் சட்டென்று அறுந்துவிடும். கறுப்பு வேண்டும் என்பதற்காக டயருக்கு அந்தக் குளியல் தேவையில்லை. தேங்காய் எண்ணெயும் வேண்டாம், புழுதியும் எறும்பும்தான் மிச்சம். சிலிக்கோன் ரப்பரைத் தின்றுவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். சிலிக்கோன் அப்பாவி, கூட வருகிற கரைப்பான்தான் அடிக்கடி அடித்தால் மேலே நிற்கிற மெழுகையும் மருந்தையும் கழுவிக்கொண்டு போகும்.

அந்த 2,500 ரூபாயை என்ன செய்வது? ஒரு நல்ல காற்று அளக்கிற கேஜ் வாங்குங்கள், முந்நூறு நானூறுக்குக் கிடைக்கும். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் எழுதியிருக்கிற அளவைக் காலையில், டயர் சூடாவதற்கு முன்னால் பிடியுங்கள். பங்க்சரே இல்லாவிட்டாலும் மாதம் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. தானாக இறங்கும். காற்றுக் குறைந்த டயர் அதிகமாக மடங்கி, அதிகமாகச் சூடாகி, இரண்டு ஓரமும் தேயும். நான் பார்த்த செத்த டயர்களில் பாதிக்கு மேல் காற்றில்லாமல் செத்தவைதான். மிச்சப் பணத்தில் வீல் அலைன்மென்ட் பாருங்கள். எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிப் போடுங்கள்.

புது டயர் என்றீர்களே, தேதியைப் பார்த்தீர்களா? சைடுவாலில் ஒரு முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. சில சமயம் அது உள்பக்கம் திரும்பியிருக்கும், குனிந்து பார்க்க வேண்டும். கடையில் மூன்று வருஷம் கிடந்த டயரைப் புதுசு என்று மாட்டிவிட்டால் அதன் மேல் எந்த அமிர்தத்தைப் பூசி என்ன? ஐந்து வருஷம் தாண்டினால் வருஷம் ஒருமுறை காட்டச் சொல்வார்கள், பத்து வருஷம் ஆனால் பட்டன் இருந்தாலும் கழற்றச் சொல்லும் கம்பெனிகள் உண்டு. பட்டன் பள்ளத்தில் குட்டி மேடு மாதிரி சில இடத்தில் இருக்கும், தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று அர்த்தம். அதற்கு மேல் ஓட்டவே கூடாது. சைடுவாலில் எலுமிச்சம்பழம் மாதிரி வீக்கம் கண்டால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது, அன்றைக்கே மாற்றுங்கள்.

இவ்வளவு கேட்ட பிறகும் மனசு கேட்கவில்லை, அந்தக் கறுப்பு வேண்டும் என்றால் அடியுங்கள், தப்பில்லை. எனக்கும் பின் வலது டயரைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சந்தோஷம் இருந்தது. ஒரே ஒரு டயருக்கு மட்டும் என்ன விலை என்று கேளுங்கள். என்ன சரக்கு, எத்தனை நேரம் தேய்ப்பார்கள், எத்தனை மணி நேரம் தண்ணீர் படாமல் வைக்க வேண்டும் என்று கேளுங்கள். மழைக்காலத்தில் அடிக்காதீர்கள், ஐப்பசி மழை ஓய்ந்து தை பிறந்த பிறகு அடியுங்கள். எதிர்ப்பக்க டயரைத் தேய்த்து மட்டும் விடுங்கள், ஓணம் வரைக்கும் இரண்டையும் பாருங்கள்.

என் நோட்டின் கடைசி வரியையும் சொல்லிவிடுகிறேன். ஓணத்துக்கு மறுநாள் நாலு டயரையும் பார்த்து எல்லாம் எழுதி முடித்த பிறகு, மகன் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியில் கேஜை வைத்தான். 33 இருக்க வேண்டிய இடத்தில் 12 இருந்தது. ஆறு மாதமாக அதை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.